தரம் 5 வந்தால் கராத்தேயை நிறுத்தத்தான் வேண்டுமா?



பாடசாலை மண்டபத்தில் கிழமைக்கு மூன்று நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நடக்கும் கராத்தே வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. வெள்ளைப் பட்டியிலும் மஞ்சள் பட்டியிலும் பிள்ளைகள் மண்டபம் கொள்ளாமல் நிற்கிறார்கள். பச்சைப் பட்டிக்கு வந்ததும் அந்த வரிசை பாதியாகிறது. மண்ணிறப் பட்டியில் நிற்பவர்களை ஒரு கை விரல்களால் எண்ணி முடித்துவிடலாம். அதில் பெண் பிள்ளை ஒருவர்கூட இல்லை.

பிள்ளைகளுக்கு அலுத்துப் போனதால் இப்படி ஆகவில்லை. நிறுத்தப்படுவது வீட்டில். ஆண் பிள்ளை என்றால் தரம் 5 வந்தவுடன், பெண் பிள்ளை என்றால் தரம் 5 இலோ பெரிய பிள்ளையானவுடனோ நிறுத்தப்படுகிறார்கள். "ஸ்கொலர்ஷிப் முடியட்டும் சேர், பிறகு அனுப்புறம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பரீட்சை முடிந்தால் தரம் 6, புதுப் பாடங்கள், புது டியூஷன். திரும்பி வருகிற பிள்ளை மிகக் குறைவு. பட்டி அலுமாரிக்குள் போகிறது, பதக்கத்தோடு எடுத்த போட்டோ மட்டும் சுவரில் தொங்குகிறது.

இதில் எமது கருத்து ஒன்றுதான். கராத்தேயால் கிடைக்கிற உடல் பலம், சுகம், உற்சாகம் மூன்றும் விடாமல் செய்கிறவருக்கே கிடைக்கும். இரண்டு வருடம் செய்துவிட்டு நிறுத்தினால் செலவழித்த காசும் நேரமும்தான் மிச்சம். எனவே பரீட்சை வந்தால் நாட்களைக் குறையுங்கள், முற்றாக நிறுத்தாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உடம்பு. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும், அதில் கிழமைக்கு மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் கடுமையான பயிற்சி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதே நிறுவனத்தின் கணக்கின்படி உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதமானோர் இந்த அளவை எட்டுவதில்லை. பெண் பிள்ளைகளில் அது 85 சதவீதம்.

எமதூர்ப் பிள்ளையின் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். காலையில் மோட்டார் சைக்கிளில் அல்லது ஆட்டோவில் பாடசாலை. இரண்டு மணி வரை கதிரை. பிறகு சாப்பாடு, டியூஷன், மறுபடியும் கதிரை. இரவில் ஃபோன். உடற்கல்விப் பாடவேளையும் பரீட்சை நெருங்கினால் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ போய்விடுகிறது. அறுபது நிமிடம் எங்கிருந்து வரும்?

கராத்தே வகுப்பு ஒன்றரை மணித்தியாலம். மூன்று நாளுக்கு 270 நிமிடம். கிழமைக்குத் தேவையான 420 நிமிடத்தில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடுகிறது. மிச்சத்தைச் சைக்கிளும் மைதானமும் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் நடப்பது வெறும் கையை வீசுவதல்ல. தொடக்கத்தில் ஓட்டமும் உடலைத் தளர்த்தும் பயிற்சிகளும். அடுத்தது கிஹோன் எனப்படும் அடிப்படை அசைவுகள். குதிரையில் ஏறி இருப்பவர் போல முழங்காலை மடித்து ஒரு நிலையில் நிற்கச் சொல்வார்கள். பார்ப்பவருக்கு இலகுவாகத் தெரியும். முதல் நாள் நின்ற பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் தொடை நடுங்கும். மூன்று மாதத்தில் அதே பிள்ளை அசையாமல் நிற்கும். உதை பழகும்போது ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், அதனால் சமநிலை வளர்கிறது. கட்டா எனப்படும் ஒழுங்குபடுத்திய அசைவுத் தொடரில் எந்தப் பக்கம் திரும்புவது, எந்தக் கை முன்னால், எங்கே மூச்சை விடுவது என்று எல்லாவற்றையும் மனதில் வைத்திருக்க வேண்டும். கடைசியில் குமித்தே, இருவர் எதிரெதிரே நின்று செய்வது. இதயம், நுரையீரல், தசை, நினைவு நான்குக்கும் ஒரே வகுப்பில் வேலை இருக்கிறது.

ஆனால் உடம்பு சேமிப்புக் கணக்குப் போன்றதல்ல. போட்டுவிட்டுப் பூட்டி வைக்க முடியாது. பயிற்சியை நிறுத்திய சில கிழமைகளிலேயே மூச்சுப் பலம் குறையத் தொடங்கும். தரம் 3 இல் செய்த கராத்தே தரம் 8 பிள்ளையின் உடம்பில் இருக்காது.

இரண்டாவது சுகம். எமதூரில் சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத வீடு எத்தனை? முன்னர் மூத்தம்மாமார் குடித்த குளிசையை இப்போது முப்பத்தைந்து வயது வாப்பாமார் குடிக்கிறார்கள். அசைகிற தசை இரத்தத்திலுள்ள சீனியைத் தானே உறிஞ்சி எடுத்துப் பயன்படுத்தும். கதிரையில் இருக்கிற தசை அதைச் செய்யாது. சின்ன வயதில் உடம்பை அசைத்துப் பழகியவருக்குப் பெரியவரான பிறகும் அந்தப் பழக்கத்தைக் கொண்டு போவது இலகு. நாற்பது வயதில் டொக்டர் சொல்லி நடக்கத் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது காலையில் கடற்கரையில் நடக்கிறவர்களுக்குத் தெரியும்.

இங்கே பெண் பிள்ளைகளின் உம்மாமாருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒருவரின் எலும்பு வாழ்நாள் முழுவதற்குமான பலத்தைப் பெரும்பாலும் சேர்ப்பது பிள்ளைப் பருவத்திலும் பருவமடைகிற வருடங்களிலும்தான். குதிப்பது, உதைப்பது, நிலத்தில் காலை ஊன்றுவது போன்ற அசைவுகள்தான் எலும்பை உறுதியாக்குகின்றன. பிற்காலத்தில் முதுகு கூனுவதும் விழுந்தால் இடுப்பு முறிவதும் பெண்களுக்குத்தான் அதிகம். அப்படியிருக்க, எலும்பு வேகமாக வளர்கிற அதே வருடத்தில்தான் எமதூர்ப் பெண் பிள்ளை மண்டபத்திலிருந்து வீட்டுக்கு அழைக்கப்படுகிறாள். அவளுக்கு மிகவும் தேவையான நேரத்தில் நிறுத்தப்படுகிறது.

"பெரிய பிள்ளையாகிட்டாள், எப்படி அனுப்புறது?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை நிறுத்துவதல்ல, ஏற்பாடு செய்வது. கராத்தே உடை தொளதொளவென்று கையையும் காலையும் மூடியே இருக்கும். ஊசி குத்தாமல் தைத்த ஸ்கார்ஃப் அணிந்தால் ஆபத்துமில்லை. உலக கராத்தே சம்மேளனமும் தன் போட்டிகளில் தலைமறைப்பை அனுமதித்துப் பல வருடங்களாகின்றன. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈரானிய வீராங்கனைகள் சாரா பஹ்மன்யாரும் ஹமீதே அப்பாஸலியும் தலையை மறைத்தபடியே போட்டியிட்டார்கள். அதே ஒலிம்பிக்கில் எகிப்தின் பெர்யால் அஷ்ரஃப் கராத்தேயில் தங்கம் வென்றார். எகிப்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. எமதூருக்குத் தேவை பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், பெண் பயிற்றுநர் ஒருவர், உம்மாமார் வந்து இருக்க நாலைந்து கதிரை. இவ்வளவும் எமது கைக்கு எட்டாததல்ல. பெண் பயிற்றுநர் இல்லை என்கிறோம். பெண் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால் எங்கிருந்து வருவார்?

மூன்றாவது உற்சாகம். ஆசிரியர்கள் என்ற வகையில் நாம் அதிகம் கவனிப்பது இதைத்தான்.

வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் ஒருவர்தான் முதலாம் பிள்ளை. முப்பத்தோராம் பிள்ளை எவ்வளவு முயன்றாலும் அறிக்கையில் முப்பதாம் பிள்ளையாகத்தான் வருகிறார். அவருடைய முயற்சி யாருடைய கண்ணிலும் படுவதில்லை. பட்டிப் பரீட்சை அப்படியல்ல. அங்கே அளவு ஒன்று இருக்கிறது, அதை எட்டிய எல்லோரும் சித்தியடைவார்கள். பக்கத்துப் பிள்ளை தோற்றால்தான் நான் வெல்லலாம் என்ற கணக்கு இல்லை. நேற்றைய தன்னை விட இன்று கொஞ்சம் கூடச் செய்தால் போதும். இந்தப் பட்டி முறை முதலில் ஜூடோவில் வந்தது. கிச்சின் ஃபுனாகோஷி அதை எடுத்து 1924 இல் தன் மாணவர்களுக்கு முதல் கறுப்புப் பட்டிகளை வழங்கினார். நூறு வருடம் தாண்டியும் அது நிலைத்திருக்கக் காரணம், தூரத்து இலக்கைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்டிக் கொடுப்பதுதான்.

கட்டாவிலும் இதே பாடம் இருக்கிறது. ஆரம்பப் பிள்ளைகள் பழகும் ஹெயான் ஷோடானில் 21 அசைவுகள். அதை நூறு தரம், இருநூறு தரம் செய்ய வேண்டும். ஐம்பதாவது தரத்தில் அலுக்கும். அலுத்த பிறகும் செய்கிறவருக்குத்தான் அது சரியாக வரும். கணக்குப் பாடத்தில் "விளங்கல்ல சேர்" என்று கொப்பியை மூடுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து எமக்குத் தெரியாது. மூன்று நான்கு வருடம் தொடர்ந்து கராத்தே செய்த பிள்ளைகளிடம் வகுப்பறையில் ஒரு வித்தியாசத்தைக் காண்கிறோம். பிழைத்தால் அழாமல் மறுபடியும் தொடங்குகிறார்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள். எழுந்து நின்று பதில் சொல்லும்போது குரல் தொண்டைக்குள் ஒளிந்துகொள்வதில்லை.

இனி பரீட்சைக்கு வருவோம். பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும் என்ற பயம் எமக்கும் விளங்குகிறது. ஒரு கிழமையில் 168 மணித்தியாலம் இருக்கிறது. இரண்டு நாள் கராத்தே என்றால் மூன்று மணித்தியாலம். அந்த மூன்று மணித்தியாலத்தால் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி தவறப் போவதில்லை. உடற்பயிற்சி பிள்ளைகளின் கவனத்துக்கும் கல்விக்கும் நல்லது என்பதை உலக சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டலில் ஏற்றிருக்கிறது. நன்றாக வியர்த்துக் களைத்த பிள்ளை இரவில் நேரத்தோடு தூங்கும். தூங்கி எழுந்த மூளைதான் படித்ததைப் பிடித்து வைத்திருக்கும். உண்மையில் நேரத்தைத் தின்பது எது என்று தேடுகிற பெற்றோர், பிள்ளையின் கையில் இருக்கிற ஃபோனில் தினமும் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்று ஒருமுறை பார்க்கட்டும்.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. கராத்தே பாடசாலைக்கு வெளியிலிருந்து வந்து படிப்பைக் கெடுக்கிற ஒன்றல்ல. ஒகினாவாத் தீவில் மறைவாகப் பழகப்பட்டு வந்த கலையை 1901 இல் ஆரம்பப் பாடசாலைக்குள் கொண்டுவந்தவர் அன்கோ இடோசு. பிள்ளைகளுக்கு ஏற்றவாறு பினான் என்ற ஐந்து கட்டாக்களை அமைத்தார். அவைதான் பிறகு ஹெயான் என்ற பெயரைப் பெற்றன. அவரிடம் பயின்ற ஃபுனாகோஷி நீண்ட காலம் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். பிறப்பிலிருந்தே நோஞ்சானாக இருந்த தனக்கு உடல் நலம் வந்தது இந்தப் பயிற்சியால்தான் என்று சொன்னவர். 1922 இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டி ஜப்பானுக்கு அறிமுகம் செய்ததும் அவர்தான். ஆசிரியர்கள் வளர்த்த கலை இது. பாடசாலை மண்டபம்தான் அதன் சொந்த வீடு.

"சண்டையைப் படிச்சிட்டு ஊரில அடிபடுவான்" என்று சிலர் சொல்கிறார்கள். இவர்களுக்கு 2021 ஓகஸ்ட் 7 இல் டோக்கியோவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதிகூடிய எடைப் பிரிவின் இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் தாரிக் ஹாமிதி 4 க்கு 1 என்று முன்னிலையில் இருந்தார். ஈரானின் ஸஜ்ஜாத் கஞ்ஸாதேக்கு அவர் விட்ட ஓர் உயரமான உதை கட்டுப்பாடின்றி விழுந்தது. கஞ்ஸாதே மயங்கி விழுந்து ஸ்ட்ரெச்சரில் கொண்டு போகப்பட்டார். நடுவர்கள் ஹாமிதியைத் தகுதி நீக்கினார்கள். தங்கம் மயங்கி விழுந்தவருக்கு, வெள்ளி விழுத்தியவருக்கு. அந்தத் தீர்ப்பைப் பற்றி இரண்டு கருத்து இருக்கலாம். ஆனால் இந்த விளையாட்டு எதைக் கேட்கிறது என்பது அதிலே தெளிவாகத் தெரிகிறது. அடிக்கத் தெரிந்தால் போதாது, அடியை நிறுத்தவும் தெரிய வேண்டும். முதல் அடி தன்னுடையதாக இருக்கக்கூடாது என்பது கராத்தேக்காரருக்குச் சொல்லப்படும் அடிப்படை. பிள்ளைகள் பழகும் கட்டாக்களும் தடுப்பில்தான் தொடங்குகின்றன.

குனிந்து மரியாதை செய்வது பற்றியும் சிலருக்கு மனச்சங்கடம் இருக்கிறது. அது வணக்க வழிபாடல்ல, எதிரே நிற்பவருக்குக் காட்டும் மரியாதை. கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ வந்ததல்ல என்பதை இடோசு 1908 இல் ஒகினாவாக் கல்வி அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தியிருந்தார். எமது மண்டபத்தில் நிமிர்ந்து நின்று ஸலாம் சொல்லித்தான் வகுப்புத் தொடங்குகிறது. அதற்கு மேலும் சந்தேகம் இருப்பவர்கள் உலமாக்களிடம் கேட்டுத் தெளியலாம். கேட்காமலே பிள்ளையை நிறுத்துவதுதான் சரியில்லை.

அதே நேரம் கராத்தே என்றால் எல்லாம் நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. வகுப்பு முடிந்ததும் ரோல்ஸும் சோடாவும் வாங்கிக் கொடுத்தால் எந்தப் பயிற்சியாலும் எடை குறையாது. ஒழுக்கமும் பட்டியோடு சேர்ந்து தானாக வருவதில்லை, அது மாஸ்டரைப் பொறுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு பட்டி, ஒவ்வொன்றுக்கும் பெரிய தொகை, ஒருவரும் தவறுவதில்லை என்றால் அது பயிற்சியல்ல, வியாபாரம். பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை சில உண்டு. மாஸ்டர் எங்கே பயின்றவர்? பட்டிப் பரீட்சைக்கும் போட்டிக்கும் எவ்வளவு செலவு என்று முன்கூட்டியே சொல்கிறாரா? சின்னப் பிள்ளைகளுக்குத் தலையில் அடி விழாமல் பார்க்கிறாரா? குமித்தேயில் கையுறையும் வாய்க்கவசமும் கட்டாயமா? எமதூர் வெயிலுக்கு இடையிடையே தண்ணீர் குடிக்க விடுகிறாரா? பெற்றோர் வந்து பார்க்க அனுமதி உண்டா? இழுப்பு, இதய வருத்தம் உள்ள பிள்ளை என்றால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். டெங்கு அல்லது கடுமையான காய்ச்சலிலிருந்து எழும்பிய பிள்ளையை உடனே அனுப்ப வேண்டாம்.

எனவே எமது கோரிக்கைகள் இவைதான்.

1. தரம் 5, சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மூன்று நாளை இரண்டாகவோ, பரீட்சை நெருங்கிய கிழமைகளில் ஒன்றாகவோ குறையுங்கள். முற்றாக நிறுத்த வேண்டாம். மாஸ்டரும் அந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தவணையில் பட்டிப் பரீட்சையோ போட்டியோ வைக்காமல், பயிற்சிக்கு மட்டும் வர விடட்டும்.

2. பெண் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஒரு நாளாவது தனி வகுப்பு வேண்டும். அயலூர்களில் தகுதியான பெண் பயிற்றுநர் இருக்கிறாரா என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கம் விசாரிக்கட்டும். இடையில் நிறுத்திய பெண் பிள்ளைகளைப் பழைய பட்டியோடே திரும்ப அழைக்கட்டும்.

3. உடை வாங்க வசதியில்லாத வீடுகள் எமதூரில் இருக்கின்றன. பிள்ளைகள் வளர்ந்துவிடுவதால் உடைகள் ஒரு வருடத்தில் சின்னதாகிவிடுகின்றன. அவற்றை அலுமாரியில் வைக்காமல் பாடசாலைக்குக் கொடுங்கள். பெயர் சொல்லாமல் தேவையான பிள்ளையிடம் சேர்ப்பது ஆசிரியர்களின் பொறுப்பு. பட்டிப் பரீட்சைக் கட்டணத்துக்குப் பழைய மாணவர் சங்கம் ஒரு சிறு நிதியை ஒதுக்கலாம்.

4. வாப்பாமாருக்கு ஒன்று. பிள்ளையை இறக்கிவிட்டுச் சந்திக்குப் போய்க் கதைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். வகுப்பு நடக்கிற நேரத்தில் மைதானத்தைச் சுற்றி 50 நிமிடம் விரைவாக நடங்கள். மூன்று நாளில் 150 நிமிடம். பெரியவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தபட்சம் தேவை என்று சொல்லப்படுவது அந்த அளவுதான். பிள்ளைக்குச் சொல்கிற புத்தியை விட, நடக்கிற வாப்பாவைப் பார்ப்பது பிள்ளைக்கு நன்றாக மனதில் பதியும்.

மாஸ்டர் வெளியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். பெரிய பிள்ளைகள் இல்லாவிட்டால் சின்னவர்களைப் பிடித்துப் பழக்க ஆளில்லை, வகுப்பும் நீடிக்காது. மண்டபம் ஒருமுறை பூட்டப்பட்டால் மறுபடியும் திறப்பது கஷ்டம் என்பது எமதூர் வாசிகசாலையைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்த தவணைக்கான பெயர்ப் பதிவு பாடசாலை திறந்த முதல் கிழமையில் நடக்கும். புதிய பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்களை வரவேற்கிறோம். அதைவிட, பாதியில் நின்ற பிள்ளைகளின் பெற்றோரைத்தான் எதிர்பார்க்கிறோம். அலுமாரியில் இருக்கிற அந்தப் பச்சைப் பட்டியைத் தேடி எடுத்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், சந்திப்போம்.